ஜூனில் ஜெய்சல்மேர் வேண்டாம்: வேலையில் சேருமுன் பாலைவனம் நடக்க நினைப்பவருக்கு

கேள்வி இதுதான். திருநெல்வேலிப் பக்கத்து மாணவர். மே கடைசியில் தேர்வு முடிகிறது, ஆகஸ்ட் முதல் வாரம் பெங்களூரில் வேலையில் சேர வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டு மாதத்தில் ஜெய்சல்மேர் போய், முதுகில் பையோடு மணலில் நாலைந்து நாள் நடந்துவிட்டு, கையில் மிச்சமிருக்கும் காசுக்கு ஊர் சுற்றி வர ஆசை. பொதிகை மலை ஒரு தடவை ஏறியிருக்கிறார். "முடியுமா, என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?" என்று கேட்கிறார்.

பாலைவனத்தில் தாராளமாக நடக்கலாம் தம்பி. ஆனால் ஜூனில் ஜெய்சல்மேரில் வேண்டாம். நான் இதைப் படித்துவிட்டுச் சொல்லவில்லை, பட்டுவிட்டுச் சொல்கிறேன்.

2013 ஜூனில், கல்லூரி முடித்த கையோடு நாங்கள் மூன்று பேர் இதே யோசனையோடு போனோம். அந்த மாதத்தில் அறை வாடகை பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. ஏன் குறைந்திருக்கிறது என்று யோசிக்கும் புத்தி அப்போது இல்லை. ஊரில் ஒரு ஏற்பாட்டாளர், "காலையில் நடந்தால் பத்து மணிக்குள் அடுத்த கிராமம் வந்துவிடும்" என்று சொல்லி, வழிகாட்டி என்று ஒரு பையனைக் கூட அனுப்பினார். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் கொண்டுபோனோம். பத்து மணி ஆனது, கிராமம் வரவில்லை. பதினொன்றுக்குத் தண்ணீர் தீர்ந்தது. என் நண்பன் முதலில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான், பிறகு பேச்சைக் குறைத்தான், பிறகு கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்ல ஆரம்பித்தான். கையைத் தொட்டுப் பார்த்தால் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி சுட்டது.

ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. அவனை ஒரு மரத்தடியில் கிடத்தி, தன் தலைப்பாகையை அவிழ்த்து நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் சுற்றினார். பக்கத்து வீட்டிலிருந்து உப்புப் போட்ட மோர் வந்தது. அவர்கள் 'சாச்' என்கிறார்கள். அவனுக்குத் தெளிவு வந்தபிறகுதான் வாயில் ஊற்றவிட்டார். சூரியன் இறங்கும்வரை எங்களை எழுந்திருக்கவே விடவில்லை. அந்த மரம் 'கேஜ்ரி'. நம் ஊர்க் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னி மரம்தான் அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

திருநெல்வேலி வெயிலில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்று நினைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நம் ஊரில் வியர்த்தால் சட்டை நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். அங்கே காற்றில் ஈரமே இல்லாததால் வந்த வியர்வை வந்த வேகத்திலேயே காய்ந்துபோகும். சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு படிவதைப் பார்த்தால்தான் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்று புரியும். இந்தியாவில் பதிவான ஆக அதிக வெப்பம் 51 டிகிரி. 2016 மே 19 அன்று பலோடியில் பதிவானது. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு நீங்கள் போகும் ரயில் அந்த ஊர் வழியாகத்தான் போகும்.

அதோடு ஒரு எளிய கணக்கும் இருக்கிறது. அந்த வெயிலில் நடந்தால் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் உடம்பிலிருந்து போகும். ஆறு மணி நேர நடைக்கு ஆறு லிட்டர், மற்ற நேரத்துக்கும் சமையலுக்கும் ஒரு நாலு லிட்டர். ஆக ஒரு நாளைக்குப் பத்து கிலோ தண்ணீர். நாலு நாளைக்கு நாற்பது கிலோ. அதைச் சுமக்க ஒட்டகம் வேண்டும். அந்த ஊர்க்காரர்களே ஜூனில் பகல் பத்து மணிக்கு மேல் முடிந்தவரை வெளியே தலை காட்டுவதில்லை.

சரி, இரண்டு மாதத்தையும் வீட்டில் படுத்துக் கழிக்க வேண்டுமா என்றால், வேண்டாம். உங்கள் தேதிக்கென்றே ஒரு பாலைவனம் இருக்கிறது. லடாக்குக்குப் போங்கள்.

லடாக்கும் முழுப் பாலைவனம்தான், குளிர்ப் பாலைவனம். லே நகரில் வருஷம் முழுக்கப் பெய்யும் மழை 100 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வரும். சென்னையில் ஒரு நல்ல மழை நாள் பெய்துவிட்டுப் போகிற அளவு. காரணம் உங்களுக்குப் பழகியதுதான். ஜூலையில் குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருக்கும்போது தூத்துக்குடியில் புழுதி பறக்கிறதே, அதே கதை. நம் ஊரில் மேற்குத் தொடர்ச்சி மலை செய்யும் வேலையை அங்கே இமயமலை செய்கிறது. மேகம் மறுபக்கமே எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வருகிறது. அதனால் நாட்டின் பல இடங்களில் பருவமழையில் நடைப்பயணங்கள் நின்றுபோகும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் லடாக்கில் நடக்கச் சரியான காலம்.

அங்கே எந்த வழி என்றால், முதல் தடவை போகிறவருக்கு மார்க்கா பள்ளத்தாக்கைத்தான் சொல்வேன். லே-யிலிருந்து சில்லிங் வரை வண்டியில் போய், ஸ்கியு, மார்க்கா, ஹங்கர் என்று ஆற்றை ஒட்டியே ஊர் ஊராக நடந்து, நிமாலிங் என்ற மேய்ச்சல் வெளியில் ஒரு இரவு தங்கி, 5,200 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கோங்மாரு லா கணவாயைத் தாண்டி, ஷாங் சும்தோ பக்கம் இறங்க வேண்டும். ஐந்தாறு நாள் ஆகும். முழுக்க ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் போகிற வழி. பனிச்சிறுத்தை இருக்கிற காடு, ஆனால் கோடையில் அது கண்ணில் படும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பாறைச் சரிவில் நீல ஆடுகள் நிற்கும், அவற்றைப் பார்க்கலாம். ஒன்று, வண்டிச் சாலை வருஷா வருஷம் பள்ளத்தாக்குக்குள் நீண்டுகொண்டே போகிறது. எதுவரை நடை, எதுவரை வண்டி என்பதை லே-யில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் கூடாரம் சுமக்க வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. ஒவ்வொரு ஊரிலும் வீடுகளில் தங்கலாம். எந்த வீட்டில் தங்கினாலும் ஒரே தொகைதான், இரவு உணவும் காலை உணவும் மதியத்துக்குக் கட்டிக்கொடுக்கும் பொட்டலமும் அதிலேயே அடக்கம். நிமாலிங்கில் ஊர் கிடையாது, கோடையில் மட்டும் கூடாரம் போட்டு வைத்திருப்பார்கள். லே-யை விட்டுக் கிளம்பிவிட்டால் வழியில் ஏடிஎம் இல்லை. ஆறு நாளைக்கு வேண்டிய பணத்தைச் சில்லறையாக மாற்றி எடுத்துப் போங்கள்.

நான் மார்க்காவில் தங்கிய வீட்டில் பாட்டி ஒருவர்தான் எல்லாம். அபி-லே என்று கூப்பிட வேண்டும். சமையலறைதான் வீட்டின் கூடம். நடுவில் இரும்பு அடுப்பு, சுவர் முழுக்கத் தேய்த்து வைத்த செம்புப் பாத்திரங்கள், தரையில் விரிப்பு, முன்னால் மணைப்பலகை உயரத்துக்கு ஒரு மேசை. வெண்ணெய்யும் உப்பும் போட்ட தேநீர் வந்தது. தேநீர் என்று நினைத்துக் குடித்தால் முகம் சுளிக்கும், ரசம் என்று நினைத்துக் குடித்தால் நன்றாகவே இருக்கும். கிண்ணம் காலியாகக் காலியாக நிரப்பிக்கொண்டே இருந்தார். போதும் என்றால் கிண்ணத்தைக் கையால் மூட வேண்டும் என்று நாலாவது கிண்ணத்தில்தான் எனக்கு விளங்கியது. அப்புறம் கழிப்பறை. மாடியில் ஒரு சின்ன அறை, தரையில் மண் மேடு, நடுவில் ஒரு ஓட்டை, ஓரத்தில் மண்வெட்டி. தண்ணீர் எங்கே என்று கையைக் காட்டிக் கேட்டேன். பாட்டி சிரித்துக்கொண்டே மண்வெட்டியைக் காட்டினார். போய்விட்டு மேலே மண்ணைத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். கீழே சேருவது அடுத்த வருஷம் பார்லி வயலுக்கு எருவாகிவிடும். தண்ணீரே இல்லாத ஊரில் அதைவிடப் பொருத்தமான கழிப்பறை இருக்க முடியாது. ஆனால் நீங்கள் பழக்கத்தில் கொட்டும் ஒரு குவளைத் தண்ணீர் அவர்களுடைய எருவைக் கெடுத்துவிடும். கூச்சமாக இருந்தால் கைத்துடைப்புத் தாள் கொண்டுபோங்கள், அதை ஓட்டைக்குள் போடாமல் பையில் திருப்பி எடுத்து வாருங்கள்.

இனி கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. தார் பாலைவனத்தில் வெயில் கொல்லும் என்றால் லடாக்கில் உயரம் கொல்லும். லே 3,500 மீட்டரில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற பிராணவாயு நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. பொதிகை ஏறிய கால்கள் இதற்கு உதவாது. தினமும் ஜிம்முக்குப் போகிறவன் சுருண்டு படுப்பான், பீடி பிடிக்கும் மாமா ஜம்மென்று நடப்பார். இந்த உயர நோய் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது.

அதனால் டெல்லியிலிருந்து விமானத்தில் நேராக லே-யில் இறங்குவதைவிட, நேரம் கையில் இருக்கும் மாணவர் தரை வழியாகப் போவது நல்லது, செலவும் குறைவு. கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறினால் டெல்லி நிஜாமுதீனில் இறங்கலாம். அங்கிருந்து மணாலிக்கு இரவுப் பேருந்து. மணாலியில் ஒரு நாள், அடல் சுரங்கத்தைத் தாண்டி கேலாங்கில் இரண்டு இரவு. கேலாங் 3,000 மீட்டரை ஒட்டி இருக்கிறது, உடம்பு பழக ஏற்ற இடம். அங்கிருந்து அதிகாலையில் கிளம்பும் இமாசலப் பிரதேச அரசுப் பேருந்து அன்றைக்கே லே போய்ச் சேர்ந்துவிடும். நடுவில் சர்ச்சுவில் கூடாரத்தில் தங்கலாம், வானம் அழகாக இருக்கும் என்று சில வண்டிக்காரர்கள் ஆசை காட்டுவார்கள். தங்காதீர்கள். சர்ச்சு லே-யைவிட எண்ணூறு மீட்டர் உயரம். அந்த வழியில் மண்டையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அங்கே தங்கியவர்கள்தான்.

லே-யில் மூன்று இரவு சும்மா இருங்கள். முதல் நாள் படி ஏறிச் சாந்தி ஸ்தூபம் பார்க்கப் போகும் சபலம் வரும், மூன்றாம் நாள் போய்க்கொள்ளலாம். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், படுக்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்பது பொது விதி. மார்க்கா வழியில் இந்த விதி உடைகிற இடம் ஒன்றே ஒன்று: ஹங்கரிலிருந்து நிமாலிங். ஒரே நாளில் எழுநூறு, எண்ணூறு மீட்டர் ஏற்றம். அதனால் நடுவில் தாச்சுங்சே என்ற இடத்தில் (அங்கே கூடாரம் கிடைக்குமா என்று லே-யில் விசாரித்துக்கொண்டு) ஒரு இரவு தங்கிப் போவதுதான் புத்திசாலித்தனம். பலர் ஒரு நாளை மிச்சப்படுத்த அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்களுக்கு நாளுக்குப் பஞ்சமில்லையே.

உயர நோய் வராமல் தடுக்கப் போடும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிளம்புவதற்கு முன்னாலேயே நம் ஊர் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டோம் என்பதற்காக வேகமாக ஏறக்கூடாது. லேசான தலைவலி, பசியின்மை வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், மேலே போகாதீர்கள். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ராத்திரி ஆனாலும் உடனே கீழே இறங்க வேண்டும். அந்த நேரத்தில் கூட ஒரு ஆள் வேண்டும். தனியாகப் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இது ஒன்றுதான். தெரிந்தவர் யாரும் வராவிட்டால் லே-யில் சாங்ஸ்பா தெருவில் விசாரித்தால் கூட நடக்க ஆள் தேடிக்கொண்டு நாலு பேர் இருப்பார்கள், அல்லது ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளலாம்.

இன்னொரு ஆபத்து ஆறு. வெயில் ஏற ஏற மேலே பனி உருகும், அதனால் காலையில் முழங்காலளவு ஓடிய ஓடை மதியம் மூன்று மணிக்கு இடுப்பளவு வந்து ஆளைத் தள்ளும். பாலம் இல்லாத இடங்களைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். மழையே பெய்யாத ஊர் என்று நம்பி ஆற்றுப் படுகையில் கூடாரம் அடிக்கக்கூடாது. 2010 ஆகஸ்ட் 6 அதிகாலை லே-யில் மேகம் வெடித்துப் பெய்த மழையில் சேறும் பாறையுமாக வந்த வெள்ளம் 200 பேருக்கு மேல் பலி வாங்கியது. வேரோ புல்லோ இல்லாத மலையில் பெய்கிற மழை எங்கும் நிற்காது, அப்படியே இறங்கிவிடும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஜூன் கடைசி, ஜூலை முதலில் போனால் மார்க்கா ஆற்றோரம் முழுக்கக் காட்டு ரோஜா பூத்திருக்கும். சாம்பல், செங்கல் நிறங்களில் மொட்டைப் பாறை இரண்டு பக்கமும் எழும்பி நிற்க, நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அந்தச் செடிக்கு அவர்கள் மொழியில் 'சியா' என்று பெயர். சியாச்சென் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

நடை முடிந்தபின் அதே வழியில் திரும்பாமல் மேற்கே போங்கள். ஆல்ச்சியில் 800 வருஷத்துக்கும் மேலான சுவரோவியங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு ஒரு அரை நாள் கொடுங்கள். பிறகு லாமாயூரு, கார்கில், சோஜி லா, ஸ்ரீநகர். ஜூலையில் அமர்நாத் யாத்திரை நடக்கும், சாலையில் கெடுபிடியும் தாமதமும் இருக்கும், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஜம்முவிலிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கிடைத்தால் மூன்று நாள் ஒரே பெட்டியில் உட்கார்ந்து நாட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டே நாகர்கோவிலில் இறங்கலாம். எனக்கு அது பிடிக்கும். எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் பெட்டிக் கழிப்பறையை நினைத்தால் அபி-லே வீட்டு மண்வெட்டி ஏக்கமாக வரும்.

இப்போது வேலை விஷயம். சேரும் தேதி கல்லில் பொறித்தது இல்லை. பின்னாலும் தள்ளிப்போகும், முன்னாலும் வரும். எங்கள் அலுவலகக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு மூன்று வாரம் முன்னதாகவே வரச்சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. அவர் அப்போது சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில். ஆறு நாள் கழித்துத் தொலைபேசி உயிர்பெற்றபோது அந்த மின்னஞ்சலும், அதற்கு நினைவூட்டல் இரண்டும், அம்மாவின் இருபது அழைப்புகளும் ஒன்றாக வந்து விழுந்தன. விளக்கிச் சொன்னதும் சரியாகிவிட்டது, ஆனால் அந்த அரை நாள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. கிளம்பும் முன் நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை தொடர்பில் இருக்க மாட்டேன், அவசரமென்றால் இந்த வீட்டு எண்ணில் சொல்லலாம் என்று. யாரும் தப்பாக நினைப்பதில்லை. அதோடு, வெளி மாநிலத்துப் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். உங்கள் எண்ணை இப்போதே மாற்றிவிடுங்கள், அல்லது அப்பாவின் போஸ்ட்பெய்டு எண்ணை வாங்கிப் போங்கள்.

தற்காலிகச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பான், ஆதார் இவற்றில் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். நம் ஊர் இனிஷியல் ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் விரிந்திருக்கும், சரிபார்க்கிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். திரும்பி வந்து செய்துகொள்ளலாம் என்று விட்டால், ஊர் திரும்பிய முதல் வாரமே தாலுகா ஆபீஸ் வாசலில் போய்விடும். பயணம் முடியும் நாளுக்கும் சேரும் நாளுக்கும் நடுவில் பத்து நாளாவது விடுங்கள்.

ஜெய்சல்மேர் எங்கும் போய்விடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பரில், கிறிஸ்துமஸை ஒட்டி இரண்டு நாள் விடுப்புப் போட்டுப் போங்கள். நான் 2015 டிசம்பரில் மறுபடி போனேன். அதே மண், அதே கிராமங்கள். பகலில் முழுக்கைச் சட்டையோடு நடந்தேன், ராத்திரி இரண்டு கம்பளிக்குள் நடுங்கினேன். சம் மணல்மேட்டில் ஜீப்பும் ஒலிபெருக்கியும் திருவிழாக் கூட்டமாக இருக்கும். அமைதி வேண்டுமென்றால் தெற்கே குரி பக்கம் போங்கள். எல்லைக்கு அருகே இஷ்டப்படி நடக்க முடியாது, உள்ளூர் ஆளோடு போவது அதற்காகவும்தான். சாங்ரி பொரியல் போட்டால் விடாதீர்கள், அது வன்னிக் காய். ராத்திரி டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள். சுருட்டை விரியனுக்குப் பேர்போன மண் அது. குளிரில் நடமாட்டம் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

கடைசியாக, என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டீர்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்குத் தடவ ஏதாவது, ஓஆர்எஸ் பொட்டலங்கள், ஆற்றைத் தாண்ட வார்ச்செருப்பு, கணவாய்க்கு ஒரு நல்ல ஜாக்கெட். ஜாக்கெட்டை லே-யிலேயே வாடகைக்கு எடுக்கலாம். ஷூவை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள், புது ஷூவோடும் ரயில் ஏறாதீர்கள். இந்த வாரமே வாங்கி, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் தேரிக்காட்டுக்குப் போங்கள். திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரியில், விடிவதற்கு முன், முதுகில் எட்டு கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு, அந்தச் செம்மணலில் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கிப் பாருங்கள். எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். ஷூவுக்குள் மணல் எங்கே புகுகிறது, குதிகாலில் கொப்புளம் எங்கே எழும்புகிறது, பையின் எந்த வார் தோளை அறுக்கிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். சரிசெய்ய இன்னும் ஒரு மாதம் இருக்கும்.